கோப்பையின் அடியில் பழம்

ஆரஞ்சு வில்லை ஒன்று சிவப்புக்குள் முங்கி மேலே வருகிறது, மறுபடி முங்குகிறது, கரண்டியை எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டேயிருக்கிறது, ஊறுகாய்க்கு வாங்கிய கண்ணாடி ஜாடியில் ஒயினும் கொஞ்சம் பிராந்தியும் ஊற்றி, ஆப்பிளும் பங்கனப்பள்ளி மாம்பழமும் நறுக்கிப் போட்டு முதல்நாளே ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டால் பழமெல்லாம் குடித்து உப்பிவிடும் என்று சொல்லித்தந்தவள் என் ஓர்ப்படி ரொசாலி, மே மாதமானால் பிரான்சிலிருந்து குடும்பத்தோடு புதுச்சேரியில் வந்து இறங்குகிறவள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சனமெல்லாம் எங்கள் வீட்டு மாடியில்தான், இந்தப் பழ ஒயின், சாங்ரியா, இல்லாமல் அவர்களுக்கு வெயில் இறங்காது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் எலுமிச்சைச் சாறு, கல்லீரல் இனி ஒரு சொட்டும் தாங்காது, மீறினால் ஆளை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார், அது கனவிலும் வரும், கனவில் டாக்டர் கையில் ஒரு கோப்பை இருக்கும்.

அப்படியிருக்க ஞாயிறு சாயங்காலமானால் அவரிடம் அந்த வாடை, ஜாடியில் மிஞ்சிய மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிவைத்தேன், இறங்கவில்லை, எலுமிச்சைச் சாற்றைக் குடித்துப் பார்த்தேன், எலுமிச்சைதான், சரி, ரொசாலிதான் தனியாக ஊற்றிக்கொடுக்கிறாள், மாமா பாவம் மாமா பாவம் என்று அவள் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அவள் கைப்பையைக்கூட, கடவுளே, திறந்து பார்த்தேன், உதட்டுச்சாயமும் செபமாலையும் இருந்தன. இன்னொன்றும் உறுத்தியது, கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்ட தட்டை நகர்த்தாத மனிதர், கோப்பையெல்லாம் நான் கழுவுகிறேன், நீ போய் உட்கார் என்கிறார், நல்ல புத்தி இத்தனை சுலபமாக வருமா, ஒருநாள் குப்பைக்கூடையைக் கொட்டப்போகிறேன், அதில் பழமே இல்லை, நம் ஆட்கள் ஒயினைக் குடித்துவிட்டுப் பழத்தை அடியிலேயே விட்டுவிடுகிறவர்கள், அத்தனை கோப்பையிலும் கிடந்தது எங்கே, அடுப்படிக்கு ஓடினால் குழாய் திறந்திருக்கிறது, அவர் கன்னம் உப்பியிருக்கிறது. பழந்தானே, நான் எங்க குடிச்சேன், வீணாப் போவுதேன்னு, என்கிறார், எனக்குக் கத்த வரவில்லை, அழுகைதான் வந்தது, எனக்கு நீங்க வேணும்ங்க என்று மட்டும் சொன்னேன், வாசற்படியில் ரொசாலி நின்றிருந்தாள், எவ்வளவு கேட்டாளோ தெரியாது.

அடுத்த ஞாயிறு ஜாடியே வேண்டாம் என்றேன், செய்ம்மா, என்னால மத்தவங்க ஏன் காஞ்சிபோவணும் என்றார் அவர், அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, செய்தேன், அடுப்படியை விட்டு நகராமல் நின்றேன், கோப்பைகள் தட்டில் திரும்பி வருகின்றன, எல்லாம் காலி, ஆப்பிள் துண்டுகூட இல்லை, மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தால் ரொசாலி ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்கிறாள், பழத்தையும் சாப்புடுங்க, ஒண்ணும் உடக்கூடாது என்கிறாள், பல் போன சித்தப்பாகூட பாடுபட்டு மென்றுகொண்டிருக்கிறார், அவள் பையைத் திறந்த கை எனக்குக் கூசியது. அடுப்படிக்கு இறங்கி வந்தேன், அவர் கழுவ நின்றிருந்தார், ஒரே ஒரு கோப்பையில் ஆரஞ்சு வில்லை கிடந்தது, என்னுடையது, எல்லாரையும் கண்காணித்த மும்முரத்தில் தின்ன மறந்திருக்கிறேன், அவர் அதை விரலால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், சிவப்பு சொட்டியது, வாயத் தொற என்று சொல்லி என் வாயில் வைத்தார், மென்றுகொண்டே அவருடைய இன்னொரு கையைப் பார்த்தேன், அது மூடியிருந்தது.