ஒரு நேரத்தில் ஒருவர்

"நாலு பேரும் ஒண்ணா ஏறாதீங்க!"

மாடியிலிருந்து அவள் கத்தியபோதுதான், காலையிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. விடியும்போது தூக்கத்திலேயே போய்விட்ட அவள் கணவரைத் தூக்க வந்த நால்வரும், வீட்டுக்கு வெளியே இருந்த இரும்புப் படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்ததால் பிழைத்தார்கள்.

"போன மாசந்தானேம்மா பெயிண்ட் அடிச்சேன்?" என்றார் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர். துருவுக்கு மருந்து பெயிண்ட் என்று மனதார நம்புகிறவர்.

"படியத் தாங்குற குழா உள்ளுக்குள்ள அரிச்சிருக்குண்ணே. அவரு பாத்துச் சொன்னது."

ஆலைகளில் எஃகுக் குழாய்களை அறுக்காமல், உடைக்காமல், உள்ளே ஒலியை அனுப்பியே அரிப்பையும் விரிசலையும் கண்டுபிடிப்பது அவள் கணவரின் வேலை. தெருவில் 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர். போலீஸ் என்று நினைத்து மரியாதை கொடுத்தவர்கள், விவரம் தெரிந்ததும் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குடிவந்த வாரமே படியைத் தாங்கும் குழாயைச் சோதித்து, மெலிந்த இடத்தில் மஞ்சள் வட்டம் போட்டார். கூடவே ஒரு சட்டமும்: ஒரு நேரத்தில் ஒருவர். அவள் மேலே போய், ஓரமாக நின்று "வாங்க" என்ற பிறகுதான் அவர் கால் வைப்பார்.

"கட்டிக்கிட்டு இங்க வந்ததுலேருந்து உங்ககூட சேந்து ஒரு படி ஏறியிருப்பனா?" என்று சண்டைகூடப் பிடித்திருக்கிறாள்.

அந்த வட்டத்தின் மேல்தான் இப்போது பச்சைப் பெயிண்ட்.

ஆலையிலிருந்து நேராக வந்திருந்த, அவரோடு வேலை பார்த்த கூட்டாளி, சோதனைக் கருவி இருந்த பையைத் திறந்தார். பெயிண்டைச் சுரண்டி, ஜெல் தடவி, கருவியின் முனையைக் குழாயில் அழுத்தினார். போன வாரம் ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஸ்கேனுக்கு இதே மாதிரி ஜெல்லைத் தடவியபோது, "நம்ம சரக்குடி" என்று அவளைப் பார்த்துக் கண்ணடித்திருந்தார் அவள் கணவர்.

கூட்டாளி திரையிலிருந்து தலை நிமிர்த்தினார். "அண்ணன் சொன்னதவிட இப்ப இன்னும் மோசம், அண்ணி."

கீழே வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளிருந்து மாடிக்கு இன்னொரு படி உண்டு. வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு அது திறந்ததே இல்லை. எல்லோரும் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் பெயிண்டைப் பார்த்தார்.

"எப்படிம்மா... வீட்டுக்குள்ள கூடி எடுத்துட்டுப் போக..."

"இத்தன வருஷத்துல அவரு உங்க வீட்டுக்குள்ள வந்ததே இல்லண்ணே. ஒரு தடவ வந்துட்டுப் போகட்டும்."

வீட்டுக்காரர் சாவியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

மாலையில் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து, உடன் வந்தவர்கள் தெருமுனையிலேயே விடைபெற்றுக்கொண்டார்கள். உள்படி மறுபடி பூட்டியிருந்தது. குழாயில் ஜெல் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. சுரண்டிய இடத்தில் மஞ்சள் கொஞ்சம் தெரிந்தது.

அவள் இரும்புப் படியில் ஏறினாள். மேலே போனதும் கதவைத் திறக்கவில்லை. திரும்பிக் கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, வழி விட்டு ஓரமாக நின்றாள்.