வெள்ளையடித்த கற்கள்

விசாரணை அறிக்கையில் கர்னலின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தண்ணீர் லாரி ஓட்டுநர் தன் கவனக்குறைவால் கண்ணிவெடி புதைத்த நிலத்துக்குள் வண்டியை விட்டு உயிரிழந்தான் என்று அதில் இருந்தது. எழுதியவர் அலுவலக மேஜர், எழுதச் சொன்னவர் ஜெனரல். கர்னல் நாலு நாளாக அதை மேசையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

நடந்த கதையே வேறு. ஜெனரலுக்குச் சுண்ணாம்புப் பைத்தியம். அவர் பார்வையிட வருகிறார் என்றால் மரத்தடி, படிக்கட்டு, கொடிமேடை என்று அசையாத எதையும் விடாமல் வெள்ளையடித்தாக வேண்டும். அசந்து தூங்கினால் நமக்கும் ஒரு பூச்சு விழும் என்று சிப்பாய்கள் கேலி பேசுவார்கள். போன மாதம் தொலைபேசியில், "ரோட்டோரக் கல்லு ஒண்ணு விடாம வெள்ளையா இருக்கணும்" என்றார். கர்னல் அதை அட்சரம் பிசகாமல் உத்தரவாக்கிக் கீழே அனுப்பினார்.

சார்ஜெண்ட் ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, "எல்லாக் கல்லுமா சார்?" என்று கேட்டார்.

"எல்லாம்னா எல்லாம்தான்யா" என்றார் கர்னல். எந்தக் கல்லைப் பற்றிக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை.

வடக்கு வளைவில் இருந்த சிவப்புக் கற்களும் வெள்ளையாயின. சிவப்புக் கல்லுக்கு அப்பால் வெடி, வெள்ளைக் கல்லுக்கு அப்பால் பயமில்லை என்பது பயிற்சியின் முதல் வாரத்தில் மண்டையில் ஏற்றுகிற பாடம். எதிரே ஜெனரலின் கார் வரிசை வந்தபோது, ஓட்டுநர் அந்தப் பாடத்தை நம்பி, மரியாதையாக லாரியைக் கற்களைத் தாண்டி ஒதுக்கினான். அவனை அள்ளித்தான் எடுத்தார்கள். அன்று சாயங்காலமே கற்கள் மறுபடி சிவப்பாகிவிட்டன. வேறு எந்த வேலையும் அந்த முகாமில் அத்தனை சுறுசுறுப்பாக நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் கர்னலின் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கர்னலின் மனைவிக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன்.

"மாப்பிள, நாலு நாளா அந்தக் காகிதத்தை அடைகாக்கிறீங்களே, ஏதாவது பொரிக்கப் போகுதா?"

"கல்லு வெள்ளையா இருந்துச்சு மச்சான்."

"இப்ப சிவப்பாத்தான் இருக்கு. போய்ப் பாருங்க." ஜெனரல் ஒரு எலும்பை எடுத்து நிதானமாக உறிஞ்சினார். கொழுப்பு மோவாயில் வழிந்தது. "நான் சொன்னது வாய்ச்சொல்லு. எழுத்துல இருக்கிறது உங்க பேரு. உண்மையத்தான் எழுதுவேன்னா தாராளமா எழுதுங்க. பிரிகேடியர் பிரமோஷன் லிஸ்ட்டுல உங்க இடத்துக்கு வேற ஒருத்தன் வருவான், அவ்வளவுதான்."

"அண்ணன் உங்க நல்லதுக்குத்தானே சொல்றாரு" என்று மனைவி அண்ணன் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள்.

முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் கர்னல் இப்படிக் கையெழுத்துப் போடாதவர் இல்லை. லெப்டினன்டாக, ஓடாத ஜெனரேட்டர் ஓடுகிறது என்று போட்டார். கேப்டனாக, வந்தே சேராத நாற்பது கூடாரங்கள் நல்ல நிலையில் இருப்பதாகப் போட்டார். அப்படித்தான் தோளில் நட்சத்திரம் ஒவ்வொன்றாக ஏறியது. ஆனால் செத்தவன் தலையில் பழியைக் கட்டியதில்லை. அந்த அளவுக்கு நாம் போகமாட்டோம் என்று தன்னைப் பற்றி ஒரு நினைப்பு வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதுவும் போயிற்று. போட்ட கையெழுத்து வழக்கம்போல அழகாக விழுந்திருந்தது, அதைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

பதினோரு மணிக்கு ஓட்டுநரின் தகப்பனார் வந்தார். தையல்காரர். மகனின் பெட்டியை வாங்கிப்போக வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எப்படிச் செத்தான் என்று கேட்டால் சொல்வதற்குக் கர்னல் நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். அவர் எதையும் கேட்கவில்லை.

"வெளிய இருக்கிற மேஜர் ஐயா படிச்சுக் காட்டினாருங்க" என்றார் மெதுவாக. "அவன் சின்ன வயசுலேர்ந்தே ரொம்ப நிதானமுங்க. சைக்கிளக்கூட இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் ரோட்டைத் தாண்டுவான். எப்படிப் புத்தி கெட்டுப்போச்சுன்னு தெரியல."

கர்னல் கையெழுத்துப் போட்ட அறிக்கையின் மேல் ஒரு கோப்பை இழுத்து வைத்தார்.

"அரசாங்க லாரியும் போச்சு. உங்க எல்லாருக்கும் அவனால எவ்வளவு சங்கடம்." தையல்காரர் எழுந்து நின்று கைகூப்பினார். "பெத்தவன் நான் கேட்டுக்கறேன். அவனை மன்னிச்சுடுங்க ஐயா."

உண்மை கர்னலின் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் போதும், கொட்டிவிடும். வாசலில் மேஜர் பெட்டியோடு நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கர்னல் வாயைத் திறந்தார்.

"பரவாயில்ல பெரியவரே" என்றார். "நாங்க மனசுல வச்சுக்கல."