கேட்டுட்டு எழுதறேன்

அப்பாவின் உடலை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் ஒயர் சுவரிலிருந்த பிளக்குக்கு எட்டவில்லை. பிரீத்தி எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துவந்து செருகியபோது போன் அடித்தது.

"அம்மா, பேப்பர் ரிப்போர்ட்டர் ரமணா பேசறேன். இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன். அந்த வீடியோ விஷயமா..."

அதை அவளும் பார்த்திருந்தாள். திருச்சானூர் ரோட்டு டிவைடரில் ஏறி நிற்கும் அப்பாவின், அவளுடைய நைனாவின், ஷேர் ஆட்டோ. கீழே தெலுங்கில், குடிபோதையில் டிரைவர் பலி. காலனி வாட்ஸப் குரூப்பில் அதை முதலில் போட்டவர் எதிர்வீட்டு கங்கையா.

"எங்க நைனா குடிக்கல சார். அப்படியே எழுதுங்க."

"நீங்க சொல்றத மட்டும் வெச்சி எழுத முடியாதும்மா. அந்த வீடியோவ வெச்சும் எழுத மாட்டேன். அவருக்குக் குடிக்கிற பழக்கம் உண்டா?"

இல்லை என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பெட்டியின் தலைமாட்டிலிருந்து அம்மா மனோரமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழமைல குடிப்பாரு. வண்டி எடுக்கற நாள்ல தொட மாட்டாரு."

"வண்டில அவரு பக்கத்துல யாரு ஒக்காந்துக்கினு இருந்தாங்க?"

"பூக்கார செல்லியம்மா. கையில அடி, ஆஸ்பத்திரில இருக்கறாங்க."

"அவங்களையும், போஸ்ட்மார்ட்டம் பண்ண டாக்டரையும் கேட்டுட்டு எழுதறேன்."

போனை வைத்ததும் மனோரமா மெல்லக் கேட்டாள். "ஏண்டி அத சொன்ன?"

பிரீத்தி எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுவரோரமாக ஒதுக்கினாள். மனோரமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் தெலுங்குப் பேப்பர் வந்தது. மனோரமாவுக்குத் தெலுங்கு பேசத்தான் வரும். மகளிடம் கேட்காமல் பேப்பரை மட்டும் அவள் பக்கம் தள்ளினாள். பிரீத்தி பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தப்ப டிரைவர் வேதாச்சலத்துக்கு மாரடைப்பு. நெஞ்ச புடிச்சிக்கினு சாஞ்சிட்டாருன்னு பக்கத்துல இருந்த செல்லியம்மா சொன்னாங்க. குடிச்சதுக்கான அடையாளம் இல்லன்னு டாக்டர் சொன்னாரு."

"ஞாயித்துக்கெழம?"

"அது போடலம்மா."

மனோரமா அந்தத் தாளில் விரலை வைத்தாள். "பேர இன்னொருதரம் படி."

பிரீத்தி படித்தாள்.

குரூப்பில் அந்த வீடியோ அழிக்கப்பட்டிருந்தது. வெயில் ஏறியபிறகு கங்கையா மாலையோடு வந்து பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். யாரும் அவரோடு பேசவில்லை.

"ஏண்ணா வெயில்ல நின்னுக்கினு?" என்றாள் மனோரமா. "உள்ள வா."

அவர் செருப்பைக் கழற்றினார். பெட்டிப் பக்கம் வந்தவருக்கு இடம் விட்டுப் பிரீத்தி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.