மிதிக்காமல் விட்ட கொட்டகை

பிரிஹிராவின் கார் அன்றைக்கும் மெரெபேகாவின் வீட்டு வாசலில்தான் வந்து நின்று தொலைத்தது. ஹொக்கியாங்கா உப்பங்கழியை ஒட்டி அத்தனை கிலோமீட்டருக்குச் சாலை கிடக்கிறது. நிற்பதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை? மூன்று வாரமாகத் தினமும் இதே கதை. கடைக்குப் போகிற வழியில் சரியாக வாசலுக்கு நேரே வந்ததும் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துவிடும். மெக்கானிக் இரண்டு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

"பாத்தியாடி மெரெ? என் தம்பிதான் நிறுத்துறான்," என்றபடி பிரிஹிரா கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அந்தக் காருக்கு இருபத்தாறு வயசு அண்ணி. உங்க தம்பி எதுக்கு நிறுத்தணும்? அதுவா நிக்கும்."

"உன் வாசல்ல மட்டும் நிக்குதே, அதுக்கு என்ன சொல்ற?"

மெரெபேகா கெட்டிலை அடுப்பில் வைத்தாள். கார் மனசு வைத்துக் கிளம்புகிற வரைக்கும், எப்படியும் இரண்டு மணி நேரம், நாத்தனாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, அதில் சர்க்கரை போதவில்லை என்கிற புகாரையும் கேட்டாக வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு உட்கார்ந்து அழக்கூட நேரம் கொடுக்காத குடும்பம் இது.

ஹாமியை அடக்கம் செய்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. ஊர்ப் பொதுவிடமான மராயேவின் பெரிய கூடத்தில் மூன்று நாள் கிடத்தியிருந்தார்கள். ஊர் ஊராக வந்தவர்கள் முகத்துக்கு நேராகவே அவனைப் புகழ்ந்தார்கள், திட்டவும் செய்தார்கள். குன்றின்மேல் புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு எல்லோரும் நேராக இந்த வீட்டுக்குத்தான் வந்தார்கள். போதகர் எருவேரா முன்னால் ஜெபம் சொல்லிக்கொண்டே நடந்தார். மற்றவர்கள் அறை அறையாகத் தண்ணீர் தெளித்துத் தரையை ஓங்கி மிதித்தார்கள். இனி இது உன் இடமில்லை, கிளம்பு என்று சொன்னார்கள். அதன் பிறகு அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதோடு ஆவி வடக்கே ரேயிங்கா முனைக்கு நடந்து போய்க் கடலுக்குள் இறங்கிவிட வேண்டும்.

ஆனால் கொல்லையில் இருந்த கொட்டகையை மட்டும் யாரும் மிதிக்கவில்லை. "சாவியக் காணோம்," என்று மெரெபேகா சொல்லிவிட்டாள். சாவி அவள் கறுப்புப் பாவாடையின் பையிலேயே இருந்தது.

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால், அப்போது அவளுக்கே தெரியாது. மறுநாள் பகல் மூன்று மணிக்குத் தெரிந்தது. பூட்டிய கொட்டகைக்குள்ளிருந்து ரேடியோவில் குதிரைப் பந்தய வர்ணனை கத்தியது. முப்பத்தெட்டு வருஷமாகத் தினமும் அந்த நேரத்தில் அவள் உயிரை வாங்கிய அதே கத்தல்! பழக்க தோஷத்தில் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "சத்தத்தக் கொறைங்க!" என்று கத்தினாள். சத்தம் குறைந்தது. அந்த ரேடியோவின் பேட்டரிகளை டார்ச் லைட்டுக்காக அவளேதான் காலையில் கழற்றி எடுத்திருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் ஜன்னலிலேயே நின்றுவிட்டாள். பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். அன்று முதல் மூன்று மணி எப்போது ஆகும் என்று காத்திருக்க ஆரம்பித்தாள்.

பிரிஹிரா தேநீரில் நான்காவது கரண்டி சர்க்கரையைக் கொட்டினாள். "நேத்தும் கனவுல வந்தான்டி. ரோட்டுல நின்னுக்கிட்டு வடக்க ரெண்டு அடி வைக்கிறான், திரும்பி உன் வீட்டப் பாக்கிறான். மறுபடி ரெண்டு அடி வைக்கிறான், மறுபடி திரும்புறான். செத்தவன இப்படியா அலைய விடுவாங்க?"

"கனவெல்லாம் உங்களுக்கு மட்டும் கரெக்டா வந்துருது."

"என்ன நக்கலா? எனக்கு எல்லாம் தெரியும்டி. சாவி காணாமப் போகல."

"தொலஞ்சுபோச்சுன்னு எத்தன தடவ சொல்றது?"

"எத்தன தடவ வேணா சொல்லிக்க. நான் போதகர வரச் சொல்லிட்டேன்."

வாசலில் இன்னொரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மெரெபேகா தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய வீட்டுக்கு, அவளைக் கேட்காமல், அவளுடைய புருஷனைத் துரத்த ஆள் வந்திருக்கிறது! எருவேரா கையில் தண்ணீர் பாட்டிலோடு சங்கடமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். "அக்கா சொன்னாங்க, பூட்ட ஒடைக்கணும்னாலும் பரவால்லன்னு..."

"யாரு வீட்டுப் பூட்ட யாரு ஒடைக்கிறது?" மெரெபேகா கத்திவிட்டாள். போதகர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

ஆனால் அந்தக் கனவு அவள் மனதை அறுத்தது. நாத்தனாரின் மற்ற எல்லாப் பேச்சையும் தள்ளிவிடலாம், இதைத் தள்ள முடியவில்லை. ஹாமிக்கு முழங்கால் வலி உண்டு. அந்தக் காலோடு ரோட்டில் முன்னும் பின்னுமாக நடக்கிறான், அதுவும் தன்னால் என்றால்? மூன்று வாரமாகத் தனக்குத் துணை கிடைத்ததென்று நினைத்தாளே தவிர, அவனுக்கு என்ன கிடைத்தது என்று நினைக்கவில்லை.

பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வீசினாள். "எங்கிட்டதான் இருக்கு. போதுமா? இப்ப நிம்மதியா உங்களுக்கு?"

மூவரும் கொல்லைக்குப் போனார்கள். பூட்டு திறந்தது. புகையிலையும் எண்ணெயும் கலந்த ஹாமியின் வாசனை வெளியே வந்து மூவர் முகத்திலும் அடித்தது. எருவேரா ஜெபத்தை ஆரம்பித்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். மெரெபேகாவும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நுழைந்தாள். திரும்பிப் பார்த்தால் பிரிஹிராவைக் காணோம். நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

"வாங்க அண்ணி."

பிரிஹிரா அசையவில்லை. "நாளைக்கு வெச்சுக்கலாமாடி?"

மெரெபேகாவுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "என்னது?"

"ஒரே ஒரு நாள். இங்க இன்னும் இருக்கான்டி. மோந்து பாரு. எங்கம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு. இடுப்புலயே வெச்சுத் தூக்கிட்டுத் திரிஞ்சேன். நான் எப்படிடி அவன மிதிச்சுத் தொரத்துவேன்?"

"மூணு வாரமா என் உயிர எடுத்தீங்களே! கனவு, காரு, போதகர் எல்லாத்தையும் இழுத்துட்டு வந்து, இப்ப நாளைக்காம் நாளைக்கு! மூணு வாரமா நானும் அதுக்குத்தானே சாவிய ஒளிச்சு வெச்சேன்?"

பிரிஹிரா நிலைக்கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மெரெபேகாவுக்குக் கோபம் தலைக்கேறியது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இந்தக் கிழவி செய்ய மாட்டாள். போதகர் தனியாகச் செய்து பயனில்லை. ஹாமியின் சொந்த ஆட்கள் மிதிக்க வேண்டும். கடைசியில் வழக்கம்போல எல்லாம் தன் தலையில்தான் விடிகிறது. போய் நாத்தனாரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"மிதிங்க. ஓங்கி மிதிங்க. அவரு கால் வலியோட நடக்குறாரு."

இருவரும் மிதித்தார்கள். மண் தரையில் தூசி கிளம்பியது. "போங்க!" என்று மெரெபேகா ஒவ்வொரு மிதிக்கும் கத்தினாள். "போடா ராசா," என்று பிரிஹிரா முனகினாள்.

ஜெபம் முடிந்தது. இனி அங்கேயே எதையாவது சாப்பிட்டால்தான் காரியம் முடிந்ததாகும். மெரெபேகா அடுக்களையிலிருந்து பொரித்த ரொட்டியைக் கொண்டுவந்தாள். மூவரும் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். எருவேரா மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்.

"போயிட்டானாடி?"

"போயிருப்பாரு."

"ஒரு வார்த்த சொல்லிக்காமலா?"

"எந்தக் காலத்துல சொல்லிட்டுப் போனாரு அந்த மனுஷன்?" மெரெபேகா வாய் நிறைய ரொட்டியோடு கத்தினாள். "அன்னிக்குச் சிப்பி பொறுக்கப் போறேன்னு எங்கிட்டச் சொன்னாரா? குளிச்சிட்டு வந்து பாத்தா ஆளக் காணோம். பாறமேல செத்துக் கெடக்கிறாருன்னு வேற யாரோ வந்து சொல்றான். நேத்து வரைக்கும் நான் ஒரு தடவகூட அவர 'போங்க'ன்னு அனுப்பி வெச்சதில்ல அண்ணி. இன்னிக்குத்தான் அனுப்பி வெச்சேன்."

அவள் வாயிலிருந்த ரொட்டி உள்ளே இறங்கவில்லை. துப்பிவிட்டால் ஹாமி மறுபடியும் பாதி வழியில் திரும்பி நிற்பானோ என்று தோன்றியது. அழுதுகொண்டே மென்று, சிரமப்பட்டு விழுங்கினாள்.