அப்பா பார்த்த ஷேடு

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறியத் தெரியவில்லை என்று கண் முகாமில் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா சீட்டைப் படித்துவிட்டு, "இது உங்கம்மா ஊட்டுப் பக்கத்துச் சீக்கு கண்ணு," என்றார். பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனிக்குச் சாயமேறி வரும் துணியில் ஷேடு சரியா என்று பார்த்து, இருபது வருசமாகக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தோடு கம்பெனிக்கே போனேன்.

"பொண்ணுக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோமுங்கப்பா. ரெண்டுலயும் குறை இருந்தாத்தான் இது வரும். ஒண்ணு அம்மா குடுத்தது, இன்னொண்ணு நீங்க குடுத்தது. உங்ககிட்ட இருக்கறதே ஒரு எக்ஸ்தானுங்க."

அப்பா புதிதாக வந்த துணியை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு எப்போதும்போல, செக்கிங் டேபிளருகே நின்ற அம்மா பக்கம் திரும்பினார். அம்மா தலையாட்டியதும் கையெழுத்துப் போட்டார்.