இடது சர்க்கரை

சாக வேண்டிய நாற்றுகள் தளதளவென்று நின்றன. பக்கத்து மேசைச் செடிக்காரி தட்டை டக்கென்று வைத்தாள்.

"இதப் பாருடி. நீ குடுத்த சர்க்கரையிலதான் வளத்தேன். ஒண்ணுகூட சாகல."

கிருமிக்காரி தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். அந்த ஆய்வுக்கூடத்தில் இருவரும் மல்லுக்கட்டியது அராபினோஸ் என்ற ஒரே சர்க்கரையோடுதான். அழுகும் இலையிலிருந்து அது கசிந்தால் கிருமி உள்ளே இழுத்துத் தின்று தீர்த்துவிடும். செடி அப்படி ஊதாரி இல்லை. அதைப் பிடித்து மறுபடி தன் செல்லுக்குச் சுவர் கட்டிக்கொள்ளும். பிடிக்கும் திறனைப் பறித்துவிட்ட நாற்றுக்கு மட்டும் அதே சர்க்கரை நஞ்சு. அந்த நாற்றுகள்தான் இப்போது கொழுத்து நின்றன.

கிருமிக்காரியின் கண்டுபிடிப்பு வேறு. இந்தச் சர்க்கரை கிருமிக்குள் நுழைய ஒரே வாசல்தான். அதை எடுத்துவிட்டால் கிருமி பட்டினி. கட்டுரை நாளை மதியம் போகிறது. அது அச்சேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அராபினோஸில் இடது, வலது என்று இரண்டு உண்டு, ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி. வேண்டியது இடது. வலதை அவளுடைய கிருமி சீந்தாது, அந்த நாற்றுகளையும் அது கொல்லாது. பெரிய டப்பாக்களிலிருந்து இரண்டு புட்டிகளில் கொட்டி, மூடிமேல் பெயர் எழுதி வைத்ததும் அவளேதான். பொருளறைக்கு ஓடினாள்.

"அண்ணே, இந்தப் புட்டிய யாராச்சும் தொட்டாங்களா?"

"நான்தாம்மா," என்றார் பொருளறைக்காரர். "இடதுன்னு எழுதினது வலது பக்கம் இருந்துச்சு, வலதுன்னு எழுதினது இடது பக்கம். பாக்கவே கடுப்பா இருந்துச்சு. புட்டிய எதுக்குத் தூக்கணும்னு மூடிய மட்டும் மாத்திட்டேன். போன கோடையில." முகத்தில் பெருமை வேறு!

அந்த மனுஷரை என்ன சொல்லித் திட்டுவது? தப்பு இவளுடையது. சாதாரணக் கிருமியைக் கோடைக்கு முன்பே வளர்த்துப் பார்த்து, 'அதான் தெரிஞ்சதாச்சே' என்று விட்டிருந்தாள். வாசல் எடுத்ததை வளர்த்ததெல்லாம் கோடைக்குப் பிறகு, மூடி மாறிய வலது சர்க்கரையில். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

நிஜமான இடது சர்க்கரையில் இரண்டையும் விதைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வாசல் இல்லாதது வளரக் கூடாதே என்று வேண்டாத தெய்வமில்லை.

காலையில் தட்டைத் திறந்தாள். இரண்டும் ஒன்றுபோல வளர்ந்திருந்தன. கிருமிக்கு இன்னொரு வாசலும் இருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மூடி மாறினதால என்ன ஆச்சுன்னு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்," என்றாள் செடிக்காரி மெதுவாக. "அனுப்பிடு. வேலை கெடைக்கட்டும், அப்புறம் திருத்திக்கலாம்."

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், கால்மணி நேரம் அதையேதான் யோசித்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"என்னம்மா, அனுப்பிடலாமா?"

"வேணாம் சார்." தட்டை அவர் முன்னால் வைத்தாள். "வாசல் இல்லாம அது பட்டினி கிடக்கல. நான் சோறே போடல."