தேங்காய் இல்லாத பை

கேமரா வாங்கக்கூட உத்தமன் அவ்வளவு யோசித்ததில்லை. அந்தக் கேமராவைப் போட ஒரு பை வாங்குவதற்குள் பர்மா பஜாரையே ஒரு வழி பண்ணிவிட்டான். ஒன்று மினுமினுப்பாக இருக்கிறது, திருடனைக் கூப்பிடும் என்றான். இன்னொன்று தோல் பை, காலியாக இருக்கும்போதே கைக்குழந்தை கனம் கனக்கிறது என்றான். கூட வந்த சிநேகிதன் மதுரைவீரனுக்குப் பொறுமை போய்விட்டது. ராணுவத்திலிருந்து லீவில் வந்திருந்தவன், கடைக்காரனிடமிருந்து ஒரு கறுப்புப் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, சந்து முனைவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தான்.

"ஓடினா ஆடக் கூடாது மாமே. இது ஆடல. இத எடு."

எடுத்தார்கள். உள்ளே கேமராவுக்கு ஓர் அறை, ஃபிளாஷுக்கு ஓர் அறை, பெரிய லென்ஸுக்கு என்று வட்டமாக ஒரு குழி. உத்தமனிடம் பெரிய லென்ஸ் கிடையாது. பாடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் அவன்; முகூர்த்த நாளில் மட்டும் போட்டோகிராபர். அதற்குப் பெரிய லென்ஸ் எதற்கு?

"அந்தக் குழில இன்னா வெப்ப, தேங்காயா?" என்று கேட்டாள் பெண்டாட்டி எல்லம்மா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்தப் பை முதன்முதலாகப் போகவேண்டிய கல்யாணமே மதுரைவீரன் தங்கச்சி கன்னியம்மாவின் கல்யாணம்தான். அப்பன் செத்த பிறகு அவளை வளர்த்ததே அண்ணன்காரன்தான். ராணுவத்தில் சேர்ந்ததும் அவளுக்காகத்தான். கல்யாணத்துக்கு நிச்சயம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு லீவு ரத்தாகிவிட்டது. தெருமுனைக் கடை போனில் உத்தமனைக் கூப்பிட்டான்.

"மாமே, நீ எடுக்கிற போட்டோலதான் நான் அவ கல்யாணத்தப் பாக்கணும். ஒண்ணு உடாத எடு."

இதைக் கேட்ட நாளிலிருந்து உத்தமனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்பத்தூர் வீட்டில் பாயை விரித்து, இருக்கிற சாமானையெல்லாம் பரப்பி வைத்து உட்கார்ந்தான். ஃபிளாஷ் ஒன்று போதுமா, பழுதான பழையதையும் எடுத்துப் போகலாமா? ஸ்டாண்டு வேண்டுமா? ஸ்க்ரூ டிரைவர்? எடுத்து வைப்பான், தூக்கிப் பார்ப்பான், வெளியே எடுப்பான்.

"ஊடு மாத்திகினு போறியா, கல்யாணத்துக்குப் போறியா?" என்றாள் எல்லம்மா.

அவன் பயம் வேறு. போன மாதம்தான் ஆவடி பஸ்ஸில் ஒரு போட்டோகிராபரின் பையை எவனோ அப்படியே அடித்துக்கொண்டு போயிருந்தான். கேமரா போனால் வேறு வாங்கலாம். எடுத்து முடித்த ஃபிலிம் ரோல் போனால் கல்யாணத்தைத் திரும்பவா நடத்த முடியும்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான் பாருங்கள், மகா புத்திசாலி! கறுப்புப் பையில் கேமரா, ஃபிளாஷ், புது பேட்டரி. எடுத்து முடித்த ரோல்களையும் தீர்ந்த பேட்டரிகளையும் ஒரு பழைய துண்டில் உருண்டையாகச் சுருட்டி, ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டு இன்னொரு தோளில் மாட்டிக்கொள்வது. எந்தத் திருடன் மஞ்சப்பையைத் தேடி வருவான்? வீட்டில் கிடந்த ஒரு மஞ்சப்பையை எடுத்தான். எப்போதோ போன யாரோ ஒருவர் கல்யாணத்தில் கொடுத்தது, பெண் மாப்பிள்ளை பெயர் பாதி அழிந்திருந்தது.

"உன் மூள இருக்கே," என்றாள் எல்லம்மா. பாராட்டா கிண்டலா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. சும்மா சொல்லக் கூடாது, உத்தமன் உயிரைக் கொடுத்து எடுத்தான். தாலி கட்டும்போது கன்னியம்மா தலையைத் தூக்கி வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தாள், அதையும் விடவில்லை. குடும்பத்தோடு படம் எடுக்க எல்லாரும் நெருக்கியடித்து நின்றபோது பெண்ணின் அம்மா குப்பம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"என் புள்ளைக்கு எடம் உட்டு நில்லுங்க."

பெண்ணுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. உத்தமனுக்குக் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று தரம் எடுத்தான்.

மத்தியானம் பெண்ணும் மாப்பிள்ளையும் கார் ஏறும் நேரம். கார் ஜன்னலுக்குள் குனிந்து எடுக்கவேண்டும், தோளில் மஞ்சப்பை இடித்தது. மண்டபத்து வாசலில், பெண்ணின் அத்தை வேம்புலியம்மாள் நின்று தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்த மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் கழற்றி வைத்தான். ஒரு நிமிஷ வேலை. கார் போனது. திரும்பினான். நாற்காலி காலியாக இருந்தது.

"அத்த, இங்க ஒரு மஞ்சப்பை வெச்சனே?"

"ஆமாப்பா, கடைசில ஒரு பை கொறஞ்சி போச்சி. நல்லவேள, நாற்காலில ஒண்ணு இருந்திச்சி. எடுத்துக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"அந்தக் கும்பல்ல எத்தினி கை நீட்டுச்சி, யாருன்னு கண்டேன்?"

உத்தமன் குனிந்து மேஜைக்கு அடியிலெல்லாம் தேடினான். தாலி, ஆசீர்வாதம், அந்தக் காலி இடம், எல்லாம் போச்சு! அந்த நேரம் பார்த்துக் குப்பம்மா வந்தாள். "நல்லா வந்துச்சாப்பா? என் புள்ள பாக்கணும்," என்றாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவான். தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டுக்கு வந்து எல்லம்மாவிடம் சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அறிவு கீதா உனக்கு? கல்யாண ஊட்டுக்கு மஞ்சப்பை எடுத்துகினு போவானா ஒருத்தன்? போயி, தாம்பூலம் குடுக்கிற எடத்துலயே வெப்பானா?"

அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் இறங்கிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யோவ், இங்க பாரு. அந்தப் பைல தேங்கா இல்ல. தேங்கா இல்லாத பை யாருக்குப் போச்சோ, அவங்க வாய் திறந்து கேக்கமாட்டாங்க. கேட்டா கௌரவம் போயிடும். ஆனா கோச்சிக்குவாங்க. யாரு கோச்சிகினு கீறாங்கன்னு பாரு, பை அங்கதான் கீது."

"கல்யாணம் முடிஞ்சா ஊர்ல பாதி பேரு கோச்சிகினுதான் கீறான்."

"அப்ப பாதி பேரயும் போய்ப் பாப்போம். நாளைக்கு வேலைக்கு லீவு போடு."

யார் யார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்கள் என்பது வேம்புலியம்மாளுக்கு அத்துப்படி. காலையில் அவளைக் கேட்டுக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள். எதற்கு என்று தெரியாமலே உத்தமன் கறுப்புப் பையையும் தோளில் மாட்டியிருந்தான். எல்லம்மா அதில் எதையோ திணித்தாள். என்ன என்று கேட்க அவனுக்குத் தெம்பு இல்லை.

முதலில் வானகரம். அங்கே கன்னியம்மாவின் சித்தி ஒருத்தி கொதித்துக்கொண்டிருந்தாள். தன் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லையாம். "தேங்கா வந்துச்சா சித்தி?" என்று கேட்டான். "வந்துச்சி, அழுகல். சட்னிக்குக்கூட ஆவல," என்றாள். அழுகலானாலும் தேங்காய்தானே! உத்தமன் சோர்ந்துபோய் எழுந்தான்.

அடுத்து பாடியில் மனோகரன், மாப்பிள்ளையின் சிநேகிதன். கதவைத் திறந்தவன் உத்தமனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வாய்யா போட்டோகிராபர். மேடைல என்னிய நிக்க வெச்சிட்டு, பட்டன அழுத்தாத இறக்கி உட்டியே, மறந்துட்டியா?"

கோபம் கல்யாண வீட்டின்மேல் இல்லை, இவன்மேலேதான். எல்லம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். மனோகரனை வாசலில் நிற்கவைத்து, கேமராவில் மிச்சமிருந்த ஃபிலிமில் ஒரு படம் எடுத்த பிறகுதான் அவன் முகம் மலர்ந்தது. அவனுக்கும் தேங்காய் வந்திருந்தது.

கடைசியாக முத்தாபுதுப்பேட்டை. அங்கே கோவிந்தன் இருந்தார், கன்னியம்மாவின் பெரியப்பா. "பேசாம போய் பேசாம வந்துருங்க, அந்த ஆள் நெருப்பு," என்று வேம்புலியம்மாள் எச்சரித்திருந்தாள். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர், வா என்றுகூடச் சொல்லவில்லை. உத்தமன் உள்ளே எட்டிப் பார்த்தான். காலண்டருக்குப் பக்கத்தில், ஆணியில் அந்த மஞ்சப்பை தொங்கியது.

அவன் உள்ளே ஓரடி எடுத்து வைத்தான். எல்லம்மா கையைக் கிள்ளினாள்.

"இன்னா, சமாதானம் பேச அனுப்ச்சாங்களா?" என்றார் கோவிந்தன். "என் தம்பி செத்ததும் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய தல நான்தான். எனக்கு இன்னா மரியாத பண்ணாங்க தெரியுமா? எவனோ பேர் தெரியாதவன் கல்யாணத்துப் பழைய பை! உள்ள தேங்கா இல்ல, வெத்தல இல்ல. ஒரு அழுக்குத் துண்டு, தீந்துபோன பேட்டரி, மூக்குப்பொடி டப்பா மாதிரி நாலஞ்சு டப்பா. மனுஷனுக்குக் குடுக்கிற தாம்பூலமா இது?"

"டப்பாவ திறந்து பாத்தீங்களா பெரீப்பா?" என்றான் உத்தமன்.

"நான் எதுக்குத் தொறக்கணும்? பேரப் பசங்க வெளாடக் கேட்டதுங்க. தொட்டா கைய ஒடிப்பேன்னு சொல்லிட்டேன். நாலு பெரிய மனுஷங்கள உக்கார வெச்சி, இதான்டா நீங்க குடுத்த மரியாதன்னு எடுத்துக் காட்டணும். அதுவரைக்கும் எல்லாம் குடுத்தது குடுத்தபடி இருக்கணும்."

உத்தமன் தடாலென்று அவர் காலில் விழுந்தான். நல்ல மனசுக்காரன் கையில் அந்தப் பை போயிருந்தால், பசங்களுக்கு விளையாடக் கொடுத்திருப்பான். அவர்கள் ஃபிலிமை ரிப்பன் மாதிரி இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடியிருப்பார்கள்.

"உன் கோவம் நூறு வருஷம் நல்லா இருக்கணும் பெரீப்பா!"

கோவிந்தன் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். அப்புறம் உத்தமன் அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் சொன்னான். மதுரைவீரன் போனில் சொன்னதைச் சொன்னபோது கிழவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. எழுந்துபோய்ப் பையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார். துண்டைப் பிரித்தான். ஐந்து டப்பாவும் மூடி கழலாமல் இருந்தன. அப்பாடா! நேற்றிலிருந்து அவன் சரியாக மூச்சுவிட்டது அப்போதுதான்.

"அது கெடக்கட்டும்," என்றார் கோவிந்தன். "என் தேங்கா எங்க?"

எல்லம்மா கறுப்புப் பையைத் திறந்து, லென்ஸ் குழியிலிருந்து ஒரு முழுத் தேங்காயை எடுத்தாள். வெற்றிலை பாக்கை மேலே வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குப்பம்மா குடுத்தனுப்ச்சாங்க. உங்ககிட்ட மட்டும் நேர்ல குடுக்கச் சொன்னாங்க."

அதில் ஒரு சொல்கூட நிஜமில்லை. ஆனால் அவர் வாங்கித் தட்டிப் பார்த்துக் காதருகே ஆட்டிய விதத்தைப் பார்த்தால், அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. இரண்டு பேருக்கும் டீ போடச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் ரோலெல்லாம் கறுப்புப் பையில் இருந்தன. உத்தமன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். மஞ்சப்பையை எல்லம்மா காய்கறிக்கு எடுத்துக்கொண்டாள்.

பொங்கலுக்கு மதுரைவீரன் லீவில் வந்தான். ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். தங்கச்சி வாசல் பக்கம் பார்த்த படத்தில் கொஞ்ச நேரம் நின்றான். குடும்பப் படம் வந்தது. அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் இருந்த இடத்தில் விரலை வைத்தான்.

"இது..."

"உனக்குதான்டா," என்றாள் குப்பம்மா.

அவன் கண்ணீர் பிளாஸ்டிக் தாளில் சொட்டியது, சட்டைக் கையால் அவசரமாகத் துடைத்தான். அப்புறம் உத்தமனைப் பார்த்தான்.

"எல்லாம் சரி மாமே. எனக்குத் தாம்பூலம் யாரும் குடுக்கலயே?"

கிண்டலாகச் சொல்லத்தான் நினைத்தான், குரல் உடைந்துவிட்டது. உத்தமன் தோளிலிருந்த கறுப்புப் பையை இறக்கினான். கோவிந்தன் வீட்டுக்குப் போய் வந்த நாளிலிருந்து அவன் அந்த வட்டக் குழியில் எதை வைப்பது என்று யோசித்ததே இல்லை. ஒட்டுப்பட்டியைச் சர்ரென்று பிரித்து, உள்ளே இருந்த தேங்காயை எடுத்தான்.

மதுரைவீரன் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.